ஃபேன் சுத்துது, படம் வரல

"அண்ணே, சிபியு ஆன் ஆவுது. லைட்டு எரியுது, ஃபேன் சுத்துது. ஸ்கிரீன்ல மட்டும் ஒண்ணும் வரல. ஓஎஸ் போயிருக்குமோ? ஒரு ஃபார்மட் போட்டுட்டா சரியாயிடும் இல்ல?"

கடலூர் ஓ.டி. ஜெராக்ஸ் கடையானாலும் புதுச்சேரி லாஸ்பேட்டை வீடானாலும் போனில் வரும் புகார் இப்படித்தான் தொடங்கும். இதில் முன்பாதி நல்ல தகவல், பின்பாதி தவறு. திரையில் கம்பெனி லோகோகூட வராத மெஷினில் விண்டோஸின் முறையே இன்னும் வரவில்லை. ஃபார்மட் போட்டு என்ன ஆகப்போகிறது?

ஃபேன் சுற்றினால் 12 வோல்ட் வருகிறது என்று பொருள். அதற்குமேல் அது எதையும் சொல்லாது. பட்டனை அழுத்தியதும் நடப்பது ஒரு வரிசை. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) எழுந்து, வோல்டேஜ் எல்லாம் நிலைத்த பிறகு, 'தொடங்கலாம்' என்று சாம்பல் நிற ஒயர் வழியாக மதர்போர்டுக்கு சிக்னல் கொடுக்கும். அரை விநாடிக்குள் இது முடிந்துவிடும். பிறகு பிராசஸர், மெஷினை எழுப்பும் முதல் நிரலான பயாஸ் இருக்கும் சிப்பைப் படிக்கும், ராமைத் தேடும், டிஸ்ப்ளேவை எழுப்பும், டிஸ்க்கைத் தேடும், கடைசியாகத்தான் விண்டோஸைக் கூப்பிடும். எந்தப் படியில் நின்றது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அது தெரியாமல் பாகம் மாற்ற ஆரம்பித்தால் ராம் ஒன்று, எஸ்எம்பிஎஸ் ஒன்று, போர்டு ஒன்று என்று பில் ஏறிக்கொண்டே போகும்.

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் நாலு கேள்வி. கடைசியாக எப்போது நன்றாக ஓடியது? நடுவில் கரண்ட் போய்ப் போய் வந்ததா? வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய் வந்தீர்களா? யாராவது தூசி தட்டினார்களா, இடம் மாற்றினார்களா? பத்து நாள் பூட்டிக் கிடந்த வீடு என்றால் சந்தேகம் ராம் மீதும் போர்டிலுள்ள பேட்டரி செல் மீதும். கரண்ட் விளையாடியது என்றால் எஸ்எம்பிஎஸ், அடுத்து டிஸ்க். இடம் மாற்றினார்கள் என்றால் கேபிள். தீபாவளிக்கு வீடு துடைத்த மறுநாள் வரும் போன்களுக்கு இந்தக் கடைசிக் கேள்வியே போதும்.

அடுத்து, மெஷின் உண்மையிலேயே நின்றதா, அல்லது படம் மட்டும் வரவில்லையா என்று பிரிக்க வேண்டும். ஆன் செய்து ஒரு நிமிடம் விட்டுவிட்டு கீபோர்டில் 'நம் லாக்' (Num Lock) பட்டனைத் தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. கோளாறு மானிட்டர், கேபிள், கிராஃபிக்ஸ் கார்டு இந்த மூன்றில் ஒன்று. விளக்கு அசையவே இல்லை என்றால் முன்படிகளில் எங்கோ நின்றிருக்கிறது.

கேபிளில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. கிராஃபிக்ஸ் கார்டு போட்ட மெஷினில் எச்டிஎம்ஐ கேபிளை போர்டின் பின்பக்கத்து ஓட்டையில் செருகிவிடுவார்கள். கார்டில் செருக வேண்டும். இன்டெல்லில் மாடல் எண் 'எஃப்' என்று முடியும் பிராசஸர்களிலும், ரைசன் 5 3600, 5600 போன்றவற்றிலும் உள்ளே கிராஃபிக்ஸே கிடையாது; போர்டின் ஓட்டையில் எத்தனை நாள் செருகி வைத்தாலும் படம் வராது. கார்டுக்கு 6 பின் அல்லது 8 பின் பவர் ஒயர் தனியாகப் போக வேண்டியிருந்தால் அது செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவும் சரி, மெஷின் நிஜமாகவே நிற்கிறது என்றால் கேபினெட்டைத் திறக்கலாம். ஒயரைப் பிளக்கிலிருந்து உருவிவிட்டு பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சமிருக்கும் சார்ஜ் இறங்கட்டும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள்.

நம் ஊரில் முதல் சந்தேகம் ராமின் மேல்தான் விழ வேண்டும். பெங்களூர்க்காரர் ஒருவர் வேறு வரிசை சொல்லலாம். கடலூரின் தேவனாம்பட்டினம், தாழங்குடா, புதுச்சேரியின் வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் என்று கடலை ஒட்டிய தெருக்களில் ஜன்னல் கம்பி எப்படித் துருப்பிடிக்கிறதோ அப்படித்தான் மெஷினின் உள்ளேயும் நடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றில் ஈரம் ஏறினால் கேட்கவே வேண்டாம்.

ராமைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அடிவிளிம்பில் பொன்னிறப் பட்டைகள் வரிசையாக இருக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து டிடிஆர்3-ல் 240, டிடிஆர்4-ல் 288. நல்ல பட்டை ஒரே மாதிரி மின்னும். உப்புக்காற்று பட்டதில் மேலே ஒரு மங்கல் படிந்திருக்கும், இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பழுப்புப் புள்ளி தெரியும், ரொம்ப நாள் ஆகியிருந்தால் ஓரத்தில் பச்சை. அந்தப் பச்சை செம்பிலிருந்து வருகிறது. பாட்டி வீட்டுச் செம்புக் குடத்தில் புளி போட்டுத் தேய்த்தோமே, அதே களிம்பு. தங்கப்பூச்சு மிக மெல்லியது, கண்ணுக்குத் தெரியாத துளைகள் அதில் உண்டு. ஈரமும் உப்பும் அதன் வழியே இறங்கி அடியிலிருக்கும் நிக்கலையும் செம்பையும் பிடிக்கின்றன. 288 பட்டையில் முக்கியமான ஒன்று தொடவில்லை என்றால் போதும், போர்டு ராமே இல்லை என்று நினைத்துக்கொள்ளும்.

துடைக்க பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மெத்தென்ற வெள்ளை ரப்பர் போதும். இங்க் அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் வேண்டாம், அது தங்கத்தையே எடுத்துவிடும். பட்டையின் நீளவாக்கில், உள்ளிருந்து விளிம்பை நோக்கி, இலேசாக நாலைந்து இழுப்பு. ரப்பர் துகள் ஒன்றுகூட ஒட்டியிருக்கக் கூடாது. அது ஸ்லாட்டுக்குள் போனால் புதுக் கோளாறு. பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்து ஐந்து நிமிடம் காயவிடுங்கள். கொரோனாவுக்கு வாங்கி மிச்சமிருக்கும் சானிடைசரை எடுத்து ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும், பிசுபிசுப்புப் படிந்து அடுத்த மழையில் தூசியை இழுத்துவைக்கும். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயும் இதற்கு ஆகாது.

ராமை மட்டும் துடைத்து ஸ்லாட்டை விட்டுவிட்டால் ஒரு வாரத்தில் அதே மெஷின் திரும்பி வரும். பழைய டூத் பிரஷ்ஷைக் கழுவிக் காயவைத்து ஆல்கஹாலில் தொட்டு ஸ்லாட்டின் பள்ளத்தில் மெதுவாக இழுங்கள். குண்டூசி, பிளேடு எதுவும் உள்ளே போகக் கூடாது. டார்ச் அடித்துப் பார்த்தால் சில நேரம் கரப்பான் முட்டைக்கூடு கிடைக்கும். கடை கல்லாவுக்குக் கீழே, பிஸ்கட் டப்பாவுக்குப் பக்கத்தில் வாழும் மெஷின்களில் இது சாதாரணம்.

திரும்பப் போடும்போது ஒரே ஒரு ராம் போதும். நாலு ஸ்லாட் உள்ள போர்டில் ஒற்றை ராமுக்குப் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்தான் சரி. போர்டிலேயே ஏ2 என்று அச்சடித்திருக்கும். இரண்டு ஓரத்தையும் பெருவிரலால் அழுத்துங்கள், 'டக்' சத்தம் வரவேண்டும். ஒரு பக்கம் மட்டும் கிளிப் உள்ள போர்டுகளில் மறுபக்கம் சரியாக இறங்காமலேயே இறங்கியதுபோலத் தெரியும். ராம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் போட்டுப் பார்த்தால் பழுது ராமிலா ஸ்லாட்டிலா என்று தெரிந்துவிடும்.

புது டிடிஆர்5 மெஷின் வைத்திருப்பவர்கள் இங்கே கொஞ்சம் பொறுமை காக்க வேண்டும். ராம் மாற்றிய பிறகோ பயாஸ் ரீசெட் ஆன பிறகோ முதல்முறை ஆன் செய்யும்போது போர்டு ராமோடு பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். திரை கருப்பாகவே இருக்கும், சில நிமிடங்கள்கூட ஆகலாம். அதற்குள் பயந்து ஆஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்து. டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

துடைத்தும் படம் வரவில்லையா? இப்போது போர்டைப் பேச வைக்க வேண்டும். போர்டில் பிராசஸருக்கு, ராமுக்கு, கிராஃபிக்ஸுக்கு, பூட் டிஸ்க்குக்கு என்று நாலு குட்டி எல்இடி இருந்தால் வேலை எளிது. எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் நின்றிருக்கிறது. அது இல்லாத பழைய போர்டுக்கு ஒரு பஸ்ஸர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாலு பின்னில் செருகும் சின்னக் கருப்பு உருளை, சில்லறைக் காசுதான். கேபினெட்டோடு இப்போதெல்லாம் இது வருவதில்லை, பஸ்ஸர் இல்லாத போர்டு அலறினாலும் நமக்குக் கேட்காது.

பஸ்ஸரைச் செருகிவிட்டு எல்லா ராமையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். ராம் இல்லை என்று போர்டு கத்த வேண்டும். கத்தினால் பிராசஸர் உயிரோடு இருக்கிறது, பயாஸ் சிப் படிக்கப்படுகிறது, எஸ்எம்பிஎஸ் ஓரளவு சரி என்று மூன்று செய்தி ஒரே சத்தத்தில் கிடைத்துவிடும். ராம் இல்லாமலும் ஊமையாக இருந்தால்தான் போர்டு, பிராசஸர், பவர் பக்கம் போக வேண்டும். எங்களைக் கேட்டால், இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் 'போர்டு அவுட்' என்று சொல்பவரிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள். ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் பல போர்டுகளில் டிஸ்ப்ளே பக்கம். மற்ற கணக்குகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அந்தப் போர்டின் கையேட்டைப் பார்ப்பதே சரி.

சந்தையில் விற்கும் இரண்டு இலக்கம் காட்டும் டயக்னாஸ்டிக் கார்டைப் பற்றியும் கேட்பார்கள். பிசிஐ ஸ்லாட் உள்ள பழைய போர்டுக்கு அது உதவும். இப்போதைய போர்டில் அந்த ஸ்லாட்டே இல்லை, வாங்கி டிராயரில் போட்டு வைக்கலாம்.

பவர் பக்கம் போவோம். முதலில் சுவர். பிளக் பாயின்டில் மல்டிமீட்டரை ஏசியில் வைத்துப் பாருங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230-ஐ ஒட்டி, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். இதில் பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த்துக்காக உப்பு ஏறிய மணலில் புதைத்த ஜிஐ குழாய் சீக்கிரமே அரித்துவிடும், மேலே ஒயர் இருக்கும் கீழே எர்த் இருக்காது. அந்த வீட்டில் கேபினெட்டைத் தொட்டால் 'சுர்' என்று இழுக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் ஃபேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என்று இரண்டு குட்டிக் கப்பாசிட்டர்கள் கேபினெட்டோடு இணைந்திருக்கும். எர்த் இல்லாதபோது கேபினெட்டின் உடம்பில் மெயின்ஸில் பாதி, 115 வோல்ட்டை ஒட்டி, நிற்கும். மின்சாரம் குறைவு, ஆளைத் தூக்காது. ஆனால் மானிட்டர் கேபிளையோ யுஎஸ்பி பிரிண்டரையோ ஓடும்போதே செருகினால் அந்த வோல்டேஜ் போர்டு வழியாகத்தான் ஓடும். யுஎஸ்பி போர்ட் செத்த கதைகள் பலவற்றுக்குப் பின்னால் இந்த எர்த்தான் இருக்கிறது.

யுபிஎஸ்ஸை ஒருமுறை ஒதுக்கி நேராகச் சுவரில் செருகிப் பாருங்கள். 600 விஏ யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். கரண்ட் ஒரு கணம் மினுக்கினாலும் அது தாங்காது, மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். ஆளோ விண்டோஸைத் திட்டிக்கொண்டிருப்பார்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்க, 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி, பச்சை ஒயரையும் பக்கத்துக் கருப்பு ஒயரையும் ஜெம் கிளிப்பால் இணைப்பது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. இதை நம்பி ஏமாந்தவர்கள் அதிகம். சுமை இல்லாமல் எந்த நோஞ்சானும் 12 வோல்ட் காட்டும். கனெக்டர் போர்டில் செருகியிருக்கும்போதே, பின்பக்கத்து ஓட்டை வழியாக மீட்டரின் முனையை விட்டு அளப்பதுதான் சரியான சோதனை. மஞ்சள் ஒயர் 11.4-லிருந்து 12.6 வோல்ட் வரை, சிவப்பு 4.75-லிருந்து 5.25 வரை, ஆரஞ்சு 3.14-லிருந்து 3.47 வரை இருக்கலாம். ஆன் செய்யும் அந்தக் கணத்தில் மஞ்சள் 11-க்குக் கீழே குதித்து எழுந்தால் எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டியதுதான்.

ஊதா ஒயரையும் விட்டுவிடாதீர்கள். மெஷின் ஆஃபில் இருக்கும்போதும் அதில் 5 வோல்ட் நிற்க வேண்டும். 'காலையில ஆன் ஆவாது சார், பத்து தடவ அழுத்துனா ஆயிடும், ஆயிட்டா சாயங்காலம் வரைக்கும் பிரச்சினை இல்ல' என்று ஒரு புகார் வரும். ஊதாவை அளந்தால் நாலரைக்குக் கீழே இருக்கும். உள்ளே கப்பாசிட்டர் காய்ந்துபோயிருக்கும். அதை மாற்றலாம் என்று எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்க ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள்; உள்ளே பெரிய கப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி இருக்கும், பிளக்கை உருவிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கலாம்.

கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரைப் படிப்பது நல்ல பொழுதுபோக்கு. பெரிய எழுத்தில் 450 வாட். கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட் வரிசைக்கு 18 ஆம்பியர் என்றிருக்கும். பெருக்கினால் 216 வாட். பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டைத்தான். மேலே உள்ள எண் அலங்காரம். பிராசஸருக்குப் பக்கத்தில் தனியாகச் செருக வேண்டிய 4 பின் அல்லது 8 பின் ஒயரையும் தொட்டுப் பாருங்கள். அது கழன்றிருந்தால் ஃபேன் எல்லாம் அழகாகச் சுற்றும், பிராசஸர் மட்டும் பட்டினி கிடக்கும்.

இனி, காசே செலவில்லாத மூன்று கோளாறு. ஆன் ஆகி நாலு விநாடியில் தானாக அணைகிறதா? முன்பக்கப் பவர் பட்டன் துருவால் உள்ளேயே சிக்கிக்கொண்டிருக்கும். நாலு விநாடி அழுத்திப் பிடித்தால் ஆஃப் ஆக வேண்டும் என்பது போர்டின் விதி, பாவம் அது விதிப்படி நடக்கிறது. பட்டன் ஒயரைப் போர்டிலிருந்து உருவிவிட்டு, அந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டு ஆன் செய்து பாருங்கள். ரீசெட் பட்டன் சிக்கினால் வேறு மாதிரி: ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், படம் வரவே வராது, போர்டு செத்ததுபோலவே தெரியும். ரீசெட் ஒயரை உருவினால் உயிர் வரும். மூன்றாவது, முன்பக்க யுஎஸ்பி. பிள்ளைகள் பென் டிரைவைத் திருப்பிக் குத்தி உள்நாக்கு வளைந்திருந்தால் 5 வோல்ட் ஷார்ட் ஆகும். யுஎஸ்பியில் அதிக கரண்ட், 15 விநாடியில் அணைக்கிறேன் என்று சில போர்டுகள் சொல்லிவிட்டு அணையும், சில சொல்லாமலே அணையும். முன்பக்க யுஎஸ்பி கேபிளைப் போர்டிலிருந்து கழற்றினால் தெரிந்துவிடும்.

அடுத்து போர்டிலிருக்கும் அந்தக் காசு வட்டச் செல், சிஆர்2032; பயாஸின் நினைவைக் காப்பது இதுதான். புதிதில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே இருக்கும், 2.8-க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். தினமும் காலையில் எஃப்1 அழுத்தி மெஷினைத் திறப்பதை சாமி கும்பிடுவதுபோல வருடக்கணக்காகச் செய்யும் கடைகள் உண்டு. செல் போனதன் தொல்லை எஃப்1-ஓடு நிற்பதில்லை. பயாஸ், கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த அமைப்புக்குத் திரும்பிவிடும். டெல் மெஷின் பலவற்றில் சாடா முறை (டிஸ்க்கோடு போர்டு பேசும் விதம்) 'ரெய்டு' என்றும், சில பழைய போர்டுகளில் 'ஐடிஇ' என்றும் மாறிக்கொள்ளும். விண்டோஸ் போட்டதோ 'ஏஎச்சிஐ'யில். விளைவு, நீலத்திரையில் 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்'. யூஇஎஃப்ஐ என்ற புது பூட் முறையில் போட்ட விண்டோஸ், 'லெகசி' என்ற பழைய முறைக்கு மாறிய பயாஸில் 'பூட் டிவைஸே இல்லை' என்ற கருப்புத்திரையாக நிற்கும். இரண்டு இடத்திலும் டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. செல்லை மாற்றி, பயாஸில் அந்த ஒரு வரியைத் திருப்பி வைத்தால் பழைய டெஸ்க்டாப் அப்படியே வரும். இது தெரியாமல் ஃபார்மட் அடித்து, பத்து வருட டேலி கணக்கை அழித்தவர்கள் உண்டு. செல்லைக் கழற்றும் முன் பயாஸின் சாடா பக்கத்தையும் பூட் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

விண்டோஸ் 11 மெஷினில் இன்னொரு எச்சரிக்கை. பயாஸ் ரீசெட் ஆனாலோ போர்டு மாறினாலோ, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம். உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது பெரும்பாலும் சேமித்திருக்கும். எந்த மெயில் ஐடி என்று கை வைப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

லோகோ வந்துவிட்டது, அதற்குப் பிறகுதான் நிற்கிறது என்றால் பெரும்பாலும் டிஸ்க். முதலில் செருகி மறந்த பென் டிரைவை உருவுங்கள். சாடா கேபிளை மாற்றிப் போடுங்கள், வேறு போர்ட்டிலும் செருகிப் பாருங்கள். பயாஸில் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் எம்.2 எஸ்எஸ்டியின் ஒற்றைத் திருகு தளர்ந்து அது மேலே எழும்பியிருக்கலாம். சில போர்டுகளில் எம்.2-வில் ஒன்று போட்டால் சாடா போர்ட்டில் ஒன்றோ இரண்டோ தானாக அணைந்துவிடும். புது எஸ்எஸ்டி போட்டதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போவதற்கு இதுவும் காரணம்.

'டக், டக்' என்று ஹார்ட் டிஸ்க் தட்டினால் திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் உள்ளே படிக்கும் தலை, டேட்டா இருக்கும் தட்டைக் கீறக்கூடும். சத்தமில்லை, ஆனால் மெதுவாக இருக்கிறது என்றால் வேறு மெஷினில் மாட்டி, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேரில் பாருங்கள். 05, சி5, சி6 இந்த மூன்று வரியில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் கிளம்பிக்கொண்டிருக்கிறது. சி7 மட்டும் ஏறினால் குற்றவாளி பெரும்பாலும் கேபிள். சி5 ஏறிய டிஸ்க்கில் விண்டோஸின் செக்டிஸ்க் சோதனையை ஓட்டுவது நோயாளியை மாடிப்படி ஏறச் சொல்வது மாதிரி. முதலில் டேட்டாவை எடுங்கள். கல்யாண ஃபோட்டோவும் கணக்கும் முதலில், படமும் பாட்டும் கடைசியில்.

ஹார்டுவேரா சாஃப்ட்வேரா என்று குழம்பினால் உபுண்டு என்ற இலவச ஓஎஸ் போட்ட ஒரு பென் டிரைவ் தீர்ப்புச் சொல்லும். அதிலிருந்து பூட் ஆகி அரை மணி நேரம் தொந்தரவில்லாமல் ஓடினால் போர்டு, பிராசஸர், ராம், டிஸ்ப்ளே எல்லாம் பெரும்பாலும் நலம். இப்போதுதான் விண்டோஸைச் சந்தேகப்பட வேண்டும். இரண்டு மூன்று முறை பாதியில் நின்றால் அதுவே ரிப்பேர் பக்கத்தைக் காட்டும். கடைசியாக ஏறிய அப்டேட்டை நீக்குவது, ஸ்டார்ட்அப் ரிப்பேர், சேஃப் மோடு என்று போங்கள். பூட் ஃபைல் மட்டும் கெட்டிருந்தால் கமாண்ட் பிராம்ப்ட்டில் டிஸ்க்பார்ட் மூலம் பூட் ஃபைல் இருக்கும் அந்த 100 எம்பி பார்டிஷனுக்கு ஒரு எழுத்துக் கொடுத்து, பூட் ஃபைலைத் திரும்ப எழுதும் பிசிடிபூட் கட்டளையை ஓட்டினால் ஐந்து நிமிட வேலை. ஃபார்மட் இதற்கெல்லாம் பிறகு.

வெள்ளத்தில் நனைந்த மெஷினுக்கு மேலே சொன்ன வரிசை பொருந்தாது. 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 மழை, 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் என்று இந்தக் கரை நிறையப் பார்த்துவிட்டது. தரையில் வைத்த கேபினெட்தான் முதலில் மூழ்கும். நனைந்த மெஷினை 'ஒருவாட்டி போட்டுப் பாப்போம்' என்று போடவே கூடாது. பிளக்கை உருவி, உடனே செல்லையும் கழற்றுங்கள்; அந்த 3 வோல்ட்டே உப்புத் தண்ணீரில் போர்டின் செம்பை அரித்துவிடும். போர்டையும் ராமையும் நல்ல தண்ணீரில் கழுவி, ஆல்கஹாலில் அலசி, ஃபேன் காற்றில் மூன்று நாலு நாள் காயவிட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு. நனைந்த எஸ்எம்பிஎஸ்ஸைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கைக் கழுவவோ ஆன் செய்யவோ கூடாது, அதை டேட்டா ரிகவரிக்காரரிடம் அப்படியே கொடுங்கள்.

எல்லாம் பார்த்தும் ஊமையாகவே இருக்கும் போர்டை வெளியே எடுத்து அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். பிராசஸர், கூலர், ஒரு ராம், பஸ்ஸர், நல்ல எஸ்எம்பிஎஸ், இவ்வளவுதான் இருக்க வேண்டும். வெளியே ஓடி உள்ளே ஓடாவிட்டால் அடியில் போர்டைத் தாங்கும் திருகுக்கால் (ஸ்டாண்ட்ஆஃப்) ஒன்று தவறான இடத்தில் நின்று ஷார்ட் செய்கிறது. வெளியேயும் ஓடாவிட்டால் பிராசஸரைச் சுற்றி உப்பிய கப்பாசிட்டர் இருக்கிறதா, இன்டெல் சாக்கெட்டில் பின் வளைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஏஎம்4 சாக்கெட் உள்ள ரைசன் மெஷினில் கூலரை நேராக மேலே இழுக்காதீர்கள், காய்ந்த பேஸ்ட் பிராசஸரையே சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கியோ, ஓடாத மெஷின் என்றால் இலேசாக இடவலம் திருகியோ எடுங்கள்.

சரியான மெஷினை மூடும் முன் ஒரு துண்டு பேப்பர் டேப்பில் செல் மாற்றிய தேதி, ராம் துடைத்த தேதி, பயாஸில் சாடா முறை என்ன என்று எழுதி கேபினெட் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். மார்க்கர் மட்டும் அழியாத வகையாக இருக்கட்டும். அழியும் மையால் எழுதினால் இரண்டு மழைக்காலத்தில் ஊறிப் படிக்க முடியாமல் போகும்.